பொன், ரப்பர், ஓலை: அணிகலனின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரு ரோஜா இதழின் புகைப்படம். இதழின்மேல் பனித்துளிகள். படத்தைப் பலமடங்கு பெரிதாக்கி, பி.வி.சி. பிளாஸ்டிக்கில் லாமினேட் செய்து, நடுவில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் கழுத்தைச் சுற்றித் தோள்மேல் விரிந்து கிடக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த கைஸ் பாக்கர் 1982இல் செய்த இந்தக் கழுத்தணியின் பெயர் 'பனித்துளி'. அடையாள அட்டை நனையாமல் இருக்க நாம் போடுகிறோமே, அந்த மாதிரி உறைதான். தங்கம் இல்லை, கல் இல்லை. ஆனாலும் கடந்த அரை நூற்றாண்டு அணிகலன் கலையைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இதைத் தாண்டிப் போவது கஷ்டம்.

இம்மாதிரிப் படைப்புகளைப் பற்றிய விமர்சனங்களில் இரண்டு கூற்றுகள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று: அன்றாடப் பொருளைக் கையாள்வதன் மூலம் கலைஞர் தங்கத்தின் மேலாதிக்கத்தை உடைத்துவிட்டார். இரண்டு: இலை, இதழ், சிப்பி, கூழாங்கல் ஆகியவற்றின்பால் திரும்பியதன் மூலம் நம்மை இயற்கையிடம் மீட்டுத் தந்துவிட்டார். கண்காட்சிக் கையேடு தொடங்கிப் பத்திரிகை மதிப்புரைவரை இவ்விரண்டும் ஏறக்குறைய மந்திரம்போல் ஓதப்படுகின்றன. படிக்கிறவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. தங்கம் கெட்டது, ஓலை நல்லது. ஆடம்பரம் கெட்டது, எளிமை நல்லது. இந்த இருமை எதிர்வுகளின்மேல் சாய்ந்துகொண்டு மேற்கொண்டு யோசிக்காமல் இருந்துவிடலாம்.

இக்கூற்றுகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அரை உண்மை என்கிறேன். இவ்வகைமையின் சிறந்த படைப்புகள் இவை அரை உண்மை என்பதை அறிந்தே வைத்திருக்கின்றன. விமர்சனம்தான் அறியாதமாதிரி இருந்துகொண்டிருக்கிறது. தங்கத்தைத் துறப்பது யார்? துறக்க யாரால் முடியும்? இயற்கை என்கிறபோது அது யாருடைய இயற்கை? இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு சில படைப்புகளை வாசித்துப் பார்க்கலாம்.

2

தங்கத்தை விட்டு வெளியேறிய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1967இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகத்தில் பாக்கரும் அவர் துணைவி எம்மி வான் லீர்சுமும் (1930–1984) பெரிய பெரிய அலுமினியக் கழுத்தணிகளைக் காட்டினார்கள். அதே ஆண்டில் பாக்கர் செய்த ஒன்றுக்கு 'அடுப்புக் குழாய்' என்றே பெயர். புகைபோக்கிக் குழாயின் வளைவுதான் அதன் வடிவம். இருவரும் முறையாக நகைத்தொழில் பயின்றவர்கள். பொன்வேலை தெரியாததால் விட்டவர்களில்லை, தெரிந்துகொண்டு விட்டவர்கள். அலுமினியம் அங்கேயும் பாத்திரக்கடைச் சரக்குதான்.

அவர்கள் எதிர்த்து நின்றது எதை என்பது முக்கியம். பணக்காரக் குடும்பத்துப் பெண்ணின் உடம்பு, அவள் கணவனின் வருமானத்தைக் காட்சிக்கு வைக்கிற கடைக்கண்ணாடியாக இருப்பதைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் வெப்ளென் 1899லேயே எழுதிவிட்டார். நகை என்பது அங்கே ஒரு கணக்குப் புத்தகம். கழுத்தில் தொங்குகிற கணக்குப் புத்தகம். ரோலண் பார்த் 1961இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் இதையே வேறு திசையிலிருந்து அணுகினார். பூமியின் ஆழத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட, கடினமான, எதையும் விளைவிக்காத ரத்தினம் ஒரு காலத்தில் அதிகாரத்தின் குறியாக இருந்தது. நவீன காலத்திலோ மரம், கண்ணாடி, மலிவான உலோகம் என எதுவும் அணியாகலாம். அணி வெறும் சின்னஞ்சிறு விவரமாகச் சுருங்கி, உடை முழுவதற்கும் அர்த்தம் தருகிற ஒரு புள்ளியாகிவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். பொருளின் எடையிலிருந்து குறியின் ஆற்றலுக்கு மதிப்பு இடம்பெயர்ந்தது என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

பாக்கர் இந்தத் தர்க்கத்தை அதன் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்தார். 1973இல் அவர் செய்ததற்குப் பெயர் 'நிழல் நகை'. மெல்லிய தங்கக் கம்பியைக் கையில் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு அவிழ்த்துவிட வேண்டும். தோலில் பதிந்து நிற்கிறதே ஒரு தடம், அதுதான் நகை. கொஞ்ச நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். தங்கம் வெறும் கருவி. வேலை முடிந்ததும் அதற்கு அங்கே இடமில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் பொருளிலிருந்து கழற்றப்பட்ட மதிப்பு எங்கே போனது? காற்றில் கரைந்துவிடவில்லை. மதிப்பு என்பது பொருளின் உள்ளே இருக்கிற ஏதோவொன்று எனத் தோன்றுவது ஒரு மாயத்தோற்றம், உண்மையில் அது மனிதர்களுக்கிடையிலான உறவு என்று மார்க்ஸ் சொல்லிக்கொடுத்த பாடத்தை இங்கே மறக்கக்கூடாது. உறவுகள் அப்படியே இருக்க, பொருளை மட்டும் மாற்றினால் மதிப்பு வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே அது கலைஞரின் கையெழுத்திலும், அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையிலும், காலரியின் பட்டியலிலும் போய் உட்கார்ந்தது. ரசனையும் ஒரு வர்க்க முத்திரைதான் என்று பூர்தியு 1979இல் விரிவாக எழுதினார். பிளாஸ்டிக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு விருந்துக்குப் போக வேண்டுமானால், 'இவளிடம் தங்கம் இல்லை' என்று யாரும் நினைத்துவிடாத இடத்தில் நீங்கள் ஏற்கெனவே இருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் மறைந்து போகவில்லை. அது வேறு எழுத்தில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து ம்யூனிக்கில் பல்லாண்டுகள் கற்பித்த ஓட்டோ கூன்ஸ்லி. அவருடைய 1980ஆம் ஆண்டுப் படைப்பு 'தங்கம் குருடாக்கும்'. கறுப்பு ரப்பர்க் குழாயால் ஆன ஒரு காப்பு. ஓரிடத்தில் மட்டும் பாம்பு எதையோ விழுங்கினமாதிரிப் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்புக்குள் இருப்பது தங்கக் குண்டு. பார்க்க முடியாது. அணிந்திருப்பவரும் பார்க்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் தங்கத்தின் விலை அவுன்சுக்கு 850 டாலர்வரை ஏறியது. 1971இல் அமெரிக்கா டாலரைத் தங்கத்திலிருந்து அறுத்துவிட்ட பிறகு தொடங்கிய ஏற்றத்தின் உச்சம் அது. உலகமே தங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில் கூன்ஸ்லி அதைக் கண்ணுக்கு மறைத்தார். தங்கத்தைத் தூக்கியெறிந்துவிட்டு 'நான் சுத்தம்' என்று சொல்லவில்லை. உள்ளே வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசினார். ரப்பர் அணிந்து எளிமை காட்டுகிறவரின் அந்த எளிமைக்குள் தங்கம் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை இதைவிடக் கறாராகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

3

இந்தக் காப்பின் படத்தை எங்கள் ஊரில் நகை செய்கிற ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். எழுபது வயதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுக்குள்ள தங்கம் இருக்குன்னு யாரு சொன்னா?"

"செஞ்சவருதான் சொல்றார் அண்ணாச்சி."

"உரசிப் பாக்க முடியாதுல்லா. அறுத்துப் பாத்தா நகையும் போச்சு, உள்ள இருக்கது என்னன்னு தெரிஞ்சும் போச்சு. அப்போ அவர நம்புததா, இத நம்புததா தம்பி?"

கூன்ஸ்லியைப் பற்றிய விமர்சனங்கள் பக்கம் பக்கமாகச் சுற்றிவந்து தொடுகிற இடத்தை அவர் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். உரைகல்லை வைத்துத் தொழில் செய்தவருக்கு நம்பிக்கை என்பது தத்துவப் பிரச்சினையில்லை, வயிற்றுப் பிரச்சினை. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. அவர் கண்ணையும் கல்லையும் நம்பிய இடத்தில் இப்போது எந்திரம் இருக்கிறது. கூன்ஸ்லியின் காப்பில் எந்திரத்துக்கும் கல்லுக்கும் வேலை இல்லை. கலைஞரின் வாக்கு மட்டும்தான் மாற்று. தங்கத்தின் அதிகாரத்தைக் கேள்விகேட்கிற படைப்பு, கலைஞரின் அதிகாரத்தை அந்த இடத்தில் உட்கார வைக்கிறதா? வைக்கத்தான் செய்கிறது. அதை மறைக்காமல் நம் முன்னால் கொண்டுவந்து வைப்பதும் அந்தப் படைப்பேதான்.

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டது வேறொன்று: "ஆத்திர அவசரத்துக்கு ரப்பர எந்தக் கடையில கொண்டு அடகு வைக்கது?"

இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போக முடியாது. வெப்ளென் பேசுகிற பெண்ணுக்குத் தங்கம் கணவனின் விளம்பரம். ஆனால் நிலம் இல்லாத, வங்கிக் கணக்கு இல்லாத, சம்பளம் இல்லாத பெண்ணுக்குத் தன் பெயரில் இருக்கிற ஒரே சொத்து கழுத்திலும் காதிலும் கிடப்பதுதான். அதுவும் முழுக்க அவளுடையதில்லை என்பது அடகுக் கடைக்கு நகையை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் கையில் இருக்கிறது. சவரன் கணக்கில் பேசி முடிக்கிற கல்யாணங்கள் பெண்களை எரித்திருக்கின்றன. அதே சவரன்கள் ஆஸ்பத்திரிச் செலவையும் காலேஜ் பீஸையும் கட்டியிருக்கின்றன. இந்த இரட்டைத்தன்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் 'தங்கத்தை விடு, ஓலையை அணி' என்று சொல்வது அழகியல் விமர்சனம் ஆகாது, போதனை.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்மிடம் ஒரு வகைமை ஏற்கெனவே இருக்கிறது. கவரிங். சிதம்பரம் கவரிங் என்றால் தெரியாதவர் கிடையாது. உள்ளே செம்பு, வெளியே பொன்முலாம். கூன்ஸ்லியின் காப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே உள்ளே தங்கம், வெளியே ரப்பர். இரண்டும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக நிற்கின்றன. கவரிங் அணிகிறவர் 'என்னிடமும் இருக்கிறது' என்கிறார், இல்லை. ரப்பர்க் காப்பு அணிகிறவர் 'எனக்கு இது தேவையில்லை' என்கிறார், உள்ளே இருக்கிறது. முதலாவது 'போலி' என்றும் இரண்டாவது 'கலை' என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டிலும் நடப்பது உள்ளும் புறமும் பொருந்தாத ஒரு விளையாட்டுதான் என்கிறபோது, பெயரிடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கிற வித்தியாசம். திருமண மண்டபத்தில் கவரிங் போட்டுக்கொண்டு, கறுத்துவிடக்கூடாதே என்று வியர்வையை ஒற்றி ஒற்றி எடுக்கிற பெண்ணின் பதற்றம் எந்தக் கண்காட்சியிலும் இடம்பெறாது.

4

இனி இயற்கைக்கு வருவோம்.

இயற்கையை அணிகலனுக்குள் கொண்டுவந்தவர் என்று மேற்கில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று பிரான்சின் ரெனே லாலிக் (1860–1945). அவருடைய புகழ்பெற்ற மார்பணி 1897–98 வாக்கில் செய்யப்பட்டது: தும்பியின் உடல், அதன் வாயிலிருந்து வெளிவருகிற பெண்ணின் மேலுடல், கீழே கொடிய நகங்கள். லிஸ்பனில் குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னும் வைரமும் அதில் உண்டு. ஆனால் லாலிக் மாட்டுக்கொம்பையும் கண்ணாடியையும் எனாமலையும் ரத்தினங்களுக்குச் சமமாகக் கையாண்டார். அன்றாடப் பொருள், இயற்கை என்ற நம் இரண்டு மந்திரங்களும் அங்கேயே தொடங்கிவிட்டன. அவர் தும்பி அழகானது மட்டுமல்ல, பயமுறுத்துவதும்கூட. பெண்ணும் பூச்சியும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கின்றன. இயற்கை என்பது பெண், பெண் என்பது இயற்கை, இரண்டும் ஆணின் கண்ணுக்குக் கவர்ச்சியும் அச்சமும் என்கிற அந்தக் காலத்து ஐரோப்பியக் கற்பனை முழுவதும் அந்தச் சிறு உருவில் சேர்ந்திருக்கிறது. 'இயற்கையின் உந்துதல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதற்குள் இவ்வளவு சமாசாரம் இருக்கிறது.

எண்பதாண்டுகளுக்குப் பிறகு பாக்கர் வருகிறார். அவர் பூவைச் செய்யவில்லை. பூவின் புகைப்படத்தை பிளாஸ்டிக்கில் மூடிவைத்தார். பனித்துளி என்பது சில நிமிஷங்களில் ஆவியாகிவிடுவது, பி.வி.சி.யோ மண்ணில் போட்டாலும் நெடுங்காலம் மக்காதது. ஒரு கணத்தை மக்காத பொருளில் சிறைபிடித்துக் கழுத்தில் மாட்டச் சொல்கிறார். நகரவாசிக்கு இயற்கை வந்து சேர்வதே காலண்டராக, விளம்பரமாக, வாழ்த்து அட்டையாகத்தான் என்று அந்தக் கழுத்தணி சொல்கிறது. அதைப் பார்த்து 'ஆஹா, இயற்கையிடம் திரும்பிவிட்டோம்' என்று எழுதுகிறவர், எதிரில் கண்ணாடியை வைத்தால் அதை ஜன்னல் என்று நினைத்துக்கொள்கிறவர்.

நம் மொழியில் இந்தப் பிரச்சினை வேறுமாதிரிக் கிடக்கிறது. 'தோடு' என்றால் காதணி. ஓலை என்றும் பூவிதழ் என்றும் அதற்குப் பொருள் உண்டு. 'குழை' என்றால் தளிர், காதணியும் அதுதான். காதில் செருகிய ஓலைச் சுருளும் தளிரும் எந்தக் காலத்திலோ பொன்னாக மாறின. பெயர் மட்டும் மாறவில்லை. இன்று வைரத்தோடு வாங்குகிறவர் வாயில் ஓலையின் பெயரைத்தான் சொல்கிறார். குறிப்பான் ஓலையாகவே நிற்க, குறிப்பீடு பொன்னுக்கும் வைரத்துக்கும் நகர்ந்துவிட்டது. மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு மாலை என்று பட்டியல் நீளும். நம் பொன் நகைகளின் வடிவங்கள் அநேகமும் தோட்டத்திலிருந்து வந்தவை. ஆக, இயற்கையால் உந்தப்படுவது சமகாலக் கலையின் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல இடமில்லை. புதிது எது என்றால், அந்த இடப்பெயர்ச்சியைத் திருப்பிப் போட்டுக் காட்டுவது: பொன்னிலிருந்து மறுபடி ஓலைக்கு.

ஆனால் ஓலை முழுக்கப் போய்விடவுமில்லை. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் காதோலை கருகமணி விற்கிறார்கள். சாயமேற்றிய ஓலைச்சுருள், கறுப்பு மணி. பெண்கள் அதை ஆற்றுக்குக் கொடுக்கிறார்கள். காதிலிருந்து பொன்னால் விரட்டப்பட்ட ஓலை, சடங்கில் தங்கியிருக்கிறது. மனுஷிக்குப் பொன், ஆற்றுக்கு ஓலை. இதைப் 'பாரம்பரிய எளிமை' என்று கொண்டாடுவதற்கு எனக்கு விருப்பமில்லை. மலிவான பொருள் எங்கே அனுமதிக்கப்படுகிறது, எங்கே அனுமதிக்கப்படுவதில்லை என்பதற்கு ஒரு விதிமுறை இருக்கிறது என்பதைக் கவனிக்கத்தான் சொல்கிறேன்.

5

இயற்கைப் பொருள் என்பதற்கு உரிமையாளர் கிடையாது, கடற்கரையில் கிடக்கும் சிப்பியை யாரும் பொறுக்கலாம் என்று நமக்குத் தோன்றும். நியூசிலாந்தின் அனுபவம் இந்த எண்ணத்தைக் குலைக்கிறது.

அங்கே 1974இல் ஆக்லாந்தில் 'ஃபிங்கர்ஸ்' என்ற கூட்டுறவு காலரியைத் தொடங்கிய நகைக் கலைஞர்களும் அவர்களையொட்டி வந்தவர்களும் ஐரோப்பியத் தங்கத்துக்கும் வைரத்துக்கும் பதிலாகத் தங்கள் மண்ணில் கிடைப்பவற்றை எடுத்துக்கொண்டார்கள். எலும்பு, பச்சைக்கல், பாவா எனப்படும் நீலப்பச்சைச் சிப்பி. 1988இல் 'எலும்பு, கல், சிப்பி' என்ற தலைப்பிலேயே ஒரு கண்காட்சி உருவாகி நாட்டுக்கு வெளியே பயணம் போனது. ஆலன் ப்ரெஸ்டன், வாரிக் ஃப்ரீமன் போன்றவர்கள் அதில் முக்கியமானவர்கள். பாவா சிப்பி அதுவரை சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற மலிவுச் சாமான்களில்தான் அதிகம் காணப்பட்டது. அதை அங்கிருந்து மீட்டு, இவ்வளவு நிதானமும் கூர்மையும் கொண்ட வடிவங்களாக்கியது பெரிய சாதனைதான். ஃப்ரீமனின் சிப்பி நட்சத்திரத்தையோ இலை வடிவத்தையோ பார்க்கிறவர் மனதில் அது எளிதில் அழியாது.

ஆனால் எலும்பும் பச்சைக்கல்லும் சிப்பியும் மாவோரி மக்களும் பிற பசிபிக் தீவு மக்களும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி அணிந்த பொருட்கள். 'பாக்கெஹா' என அங்கே அழைக்கப்படும், ஐரோப்பிய வழிவந்த வெள்ளையர்கள் 'இது எங்கள் மண், எங்கள் பொருள்' என்று அவற்றைக் கையிலெடுக்கும்போது அது வேர்தேடலா, இன்னொரு அபகரிப்பா? நிலத்தைப் பிடுங்கியவர்கள் இப்போது அடையாளத்தையும் பிடுங்குகிறார்களா? இந்த விவாதம் அங்கே கடுமையாக நடந்தது. அதன் இன்னொரு முனை சட்டத்தில் இருக்கிறது: போனாமு எனப்படும் அந்தப் பச்சைக்கல்லின் உரிமையை 1997இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் சட்டமியற்றித் தெற்குத் தீவின் ங்காய் தாஹு மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. ஆற்றில் கிடக்கும் கல்லுக்கும் வரலாறு உண்டு, உரிமைப் பத்திரம் உண்டு.

இதனால் அந்தக் கலைஞர்களின் படைப்புகள் செல்லாக்காசு ஆகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கேள்வி எழுந்துவிட்டது என்று தெரிந்தபின் செய்யப்பட்டவை வேறுவிதமாக இருக்கின்றன. குடியேறியவனின் கைக்கு இந்தச் சிப்பி எந்த அளவுக்குச் சொந்தம் என்கிற தயக்கம் சில படைப்புகளில் வடிவமாகவே இறங்கியிருக்கிறது: கடன் வாங்கியதை மறைக்காத, சடங்குப் பொருளாகப் பாசாங்கு செய்யாத ஒரு சுருக்கம். தயக்கம் இல்லாதவை பரிசுப்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

6

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

பழைய திருவிதாங்கூரில் புலையர் முதலான ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக்கூடாது. மேலுடம்பை மறைக்கக்கூடாது. கழுத்தில் கல்மணி மாலைகளை அணிந்துகொள்ள வேண்டும். அதற்குக் 'கல்லுமாலை' என்று பெயர். அன்றாடப் பொருள், இயற்கைப் பொருள், கையால் கோத்தது. இன்றைய கண்காட்சிக் கையேட்டின் மொழியில் சொன்னால் எல்லாத் தகுதியும் உள்ள அணிகலன். அது அடிமை முத்திரை. அய்யன்காளி (1863–1941) முன்நின்ற இயக்கத்தில் 1915ஆம் ஆண்டு அந்தப் பெண்கள் கல்லுமாலையைக் கழற்றத் துணிந்தார்கள். கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அதற்காகக் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிக்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண்கள் மேடைமுன் வந்து மாலைகளை அறுத்துப் போட்டார்கள்.

இங்கேயும் கதை வேறில்லை. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த எட்டுத் தடைகளில் ஒன்று, பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக்கூடாது என்பது. ஹட்டனின் சாதி பற்றிய நூலில் அந்தப் பட்டியல் பதிவாகியிருக்கிறது. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள்.

1915இல் கொல்லத்தில் ஒரு கழுத்தணி அறுக்கப்பட்டது. 1967இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கழுத்தணி மறுக்கப்பட்டது. இரண்டுமே உடலின்மேல் எழுதப்பட்ட அதிகாரத்தை அழிக்கிற செயல்கள்தான். ஆனால் பொருள் தலைகீழாக இருக்கிறது. ஒரு இடத்தில் கல்மணியை எறிவது விடுதலை. இன்னொரு இடத்தில் தங்கத்தை எறிவது. ஆகவே தங்கத்துக்கென்றும் கல்மணிக்கென்றும் சொந்தமாக ஒரு அரசியல் கிடையாது. யார் கழுத்தில், யார் சொல்லி, கழற்ற முடியுமா முடியாதா என்பதில்தான் அது இருக்கிறது. பாக்கரும் வான் லீர்சுமும் அணிய அனுமதிக்கப்பட்டதைத் துறந்தார்கள். துறவுக்கு முன்நிபந்தனை உடைமை. உடைமையே மறுக்கப்பட்டவரிடம் போய் எளிமையின் அழகைப் பேசுவது, பட்டினி கிடப்பவரிடம் உபவாசத்தின் மகிமையைச் சொல்வதுபோல.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். "அப்போ எல்லாரும் தங்கமே வாங்கிக் குவிக்கட்டும்கிறீங்களா? சுரங்கம் தோண்டி ஆறெல்லாம் நாசமாப் போகட்டும்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தங்கம் எடுக்கப் பாதரசத்தையும் சயனைடையும் கொட்டி எத்தனையோ நிலங்களையும் நீரையும் கெடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சைக் கல்லுமாலையின் வரலாற்றைத் தாண்டிக்கொண்டு போய்த் தொடங்க முடியாது. அதனூடாகத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால், சேமிப்புக்கும் சுயமரியாதைக்கும் இப்போதுதான் ஒரு சவரன் வாங்கிய பெண்ணைப் பார்த்து 'உனக்கு ரசனையில்லை' என்று சொல்கிற இடத்தில் போய் நிற்போம்.

7

இப்போது நம் ஊர்களிலும் சுட்டமண் நகைகள் நிறைய விற்கின்றன. கல்லூரிப் பெண்கள் விரும்பி அணிகிறார்கள். சுருட்டிய காகிதத்தில் கம்மல், சணலில் மாலை. வீட்டிலிருந்தபடி செய்து விற்கிற பெண்களுக்குக் கையில் நாலு காசு வருகிறது என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் கலை என்ற முறையில் பார்த்தால் பெரும்பாலானவை ஜிமிக்கியின் வடிவத்தை மண்ணிலும், அட்டிகையின் வடிவத்தைக் காகிதத்திலும் திருப்பிச் செய்கின்றன. தங்க வர்ணமும் பூசிவிடுகிறார்கள். மண் தன் குரலில் பேசவில்லை. தங்கத்தின் குரலில் பேசுகிறது. பொருளை மாற்றுவது சுலபம், வடிவத்துக்குள் உட்கார்ந்திருக்கிற அதிகாரத்தை அசைப்பது கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கூன்ஸ்லியின் இன்னொரு படைப்பை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1985–86இல் செய்தது. உபயோகித்த 48 பொன் திருமண மோதிரங்களை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. பொருளும் பழையது, வடிவமும் பழையது. வெட்டி ஒட்டியதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. ஆனால் யாராலும் அதைச் சாதாரணமாக எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியாது. விதவைகளும் விவாகரத்தானவர்களும் பணமில்லாமல் விற்றவர்களும் அந்த வளையங்களுக்குள் இருக்கக்கூடும். தங்கத்தை விட்டு வெளியேறாமலே தங்கத்தை அணிய முடியாததாக்கிய படைப்பு அது.

ஆசாரியிடம் கடைசியாக 'நிழல் நகை'யைப் பற்றிச் சொன்னேன். கம்பியை இறுக்கிக் கட்டி அவிழ்த்தால் தோலில் விழுகிற தடம்தான் நகை என்றேன். இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கம்மை பாம்படம் போட்டிருந்தா. காது தோள் வரைக்கும் தொங்கும். எங்கக்கா கல்யாணத்துக்கு அத அழிச்சுத்தான் சங்கிலி பண்ணுனோம். நாந்தான் உருக்குனேன். அதுக்கப்புறம் இருபது வருஷம் வெறுங்காதோட இருந்தா. ஆஸ்பத்திரியில அறுத்துத் தச்சுக்கிடலாம்னு சொன்னோம், வேண்டாம்னுட்டா" என்றார்.

தென்மாவட்டங்களில் அந்த வெறுங்காதுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அரக்கை நிரப்பிய பொன் உருண்டைகளும் தட்டுகளும் தொங்கிய இடத்தில், நீண்டு தொங்குகிற வெறும் தோல். பாக்கரின் தடம் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். மறைவதுதான் அதன் அழகு. இந்தத் தடம் மறையாது. இதைச் செய்த கலைஞர் என்று யாரும் கிடையாது. ஒரு குடும்பத்தின் வரவு செலவு, மகளின் கல்யாணம், மாறிப்போன நாகரிகம் எல்லாம் சேர்ந்து செய்தது. அந்த அம்மாள் ஏன் தைத்துக்கொள்ள மறுத்தாள் என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னாளாம்.